மெஷினுக்கு நல்ல புகை

மர்பி டவுன், பெங்களூர்
12.10.1998

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

செண்பகம் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். என் கோபமும் நலமாக இருக்கிறது.

நேற்று நீங்கள் பூத்துக்கு போன் பண்ணிப் பேசிய மூன்று நிமிடத்தில் இரண்டரை நிமிடம் சண்டை, அரை நிமிடம் "ஹலோ, கேக்குதா?" பூத்காரர் வைத்தீஸ்வரன் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். இனிமேல் போன் வேண்டாம். கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் நான் பேசும்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது, அது ஒரு பெரிய வசதி.

"கடையை மூடிட்டு, தங்கவயல் சாம்பியன் ரீஃப்ல எங்கம்மாகிட்ட போய் இரு" என்கிறீர்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் சலாலா சிமென்ட் ஃபேக்டரி வேலைக்குப் பெட்டி கட்டும்போது, "நான் வர்ற வரைக்கும் கடை உன் பொறுப்பு செண்பா" என்று சொன்னது யார்? வண்டிப் புகையை அளக்கிற கேஸ் அனலைசர் மெஷின்களைக் கழுவிப் பழுது பார்க்கிற கடையை ஒரு பெண் நடத்தக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? தங்கவயல் ஐ.டி.ஐ.யில் நாம் இரண்டு பேரும் ஒரே வகுப்பில்தான் படித்தோம். கடைசி வருடம் என் மார்க் உங்களுடையதைவிடப் பதினொன்று அதிகம். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நிலைமை மோசம்தான், ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் போன பிறகு நாலு வாடிக்கையில் மூன்று பேர், "பொம்பள கை வச்ச மெஷினு" என்று சொல்லி மைக்கேல்ராஜ் கடைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர் விவேக் நகரில் வண்டிகளுக்குப் புகை டெஸ்ட் பண்ணும் கிருஷ்ணப்பா ஒருத்தர்தான். அவருடைய எமிஷன் டெஸ்ட் மெஷினும் செப்டம்பரிலிருந்து மக்கர் பண்ணுகிறது. முகப்பில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்னக் குண்டு மிதக்குமே, வண்டிப் புகை ஒழுங்காக உள்ளே போனால் அது மேலே ஏறிக் கோட்டில் நிற்க வேண்டும். ஆனால் பாதியிலேயே குழாயோடு ஒட்டிக்கொள்கிறது. புகை போதவில்லை என்று சிவப்பு விளக்கு எரிகிறது. மூன்று தடவை கழற்றிக் கழுவிவிட்டேன். கழுவிய அன்று குதித்துக்கொண்டு ஏறுகிறது, நாலைந்து நாளில் மறுபடி ஒட்டுகிறது.

கிருஷ்ணப்பா சொல்லிவிட்டார்: "ஏனம்மா, நவம்பர் முடியிற வரைக்கும் பாக்கறேன். அப்புறமும் இதே பேஜாருன்னா மைக்கேல்ராஜைக் கூப்பிடறேன். தப்பா நெனைக்காதே."

இந்த ஒரு மெஷின் சரியானால் கடை நிற்கும். இல்லாவிட்டால் நான் சாம்பியன் ரீஃபுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். திட்டையும் சேர்த்து எழுதலாம், நான் பிரித்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செண்பகம்

*

சலாலா, ஓமன்
20.10.1998

அன்பு செண்பகத்துக்கு,

பக்தவச்சலம் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. மார்க் விஷயத்தைக் கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடித்திருக்கலாம், ஒவ்வொரு தடவையும் எழுதும் சிரமம் உனக்கு மிச்சமாகியிருக்கும்.

குண்டு ஒட்டுகிறது என்றால் நீ சரியாகக் கழுவவில்லை, வேறொன்றும் இல்லை. கவனமாகப் படி. குழாயைக் கழற்றும்போது குண்டு எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்று பார்த்துக்கொள். இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீரில் மெல்லிய பிரஷ் விட்டுக் கழுவு. கம்பி விடாதே, ஒரு கீறல் விழுந்தாலும் அளவு தப்பாகக் காட்டும். டிஸ்டில்டு வாட்டரில் அலசிக் காற்றில் உலர விடு. அவசரப்பட்டு கம்ப்ரசரால் ஊதினால் குண்டு பறந்துபோய்க் குழாயின் மேல்முனையில் அடித்து நசுங்கும். ஊசி வால்வை விரலால் மட்டும் மூடு. ரப்பர் வளையத்துக்கு எண்ணெய் கிண்ணெய் தடவாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்பிரிட் பக்கமே போகாதே! மைக்கேல்ராஜ் ஒரு தடவை ஸ்பிரிட் விட்டுத் துடைத்து, குழாய் முழுக்க விரிசல் விட்டு அழுதது உனக்கும் தெரியும்.

இன்னொன்று. கடை திறந்ததும் மெஷினுக்கு ஸ்விட்ச் போடச் சொல்லி கிருஷ்ணப்பாவிடம் சொல் என்று ஆகஸ்டில் எழுதினேனே, சொன்னாயா? அரை மணி நேரம் சூடானால்தான் அளவு சரியாக வரும். அந்த மனிதர் முதல் ஆட்டோ வந்து நின்ற பிறகுதான் ஸ்விட்சைத் தேடுவார்.

ஆனால் இதெல்லாம் எதற்கு என்றுதான் தோன்றுகிறது. நாலில் மூன்று போய்விட்டது என்கிறாய். அதற்கப்புறமும் என்ன பிடிவாதம்? நவம்பர் முப்பது வரை பார். அதற்குள் சரியாகவில்லை என்றால் மைக்கேல்ராஜிடம் கடையைக் கொடுத்துவிட்டு அம்மாவிடம் போ.

இங்கே எனக்கு வேலை நன்றாகப் போகிறது. ஒரு குறையும் இல்லை, நன்றாகத்தான் போகிறது.

அன்புடன்,
பக்தவச்சலம்

*

மர்பி டவுன்
5.11.1998

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்தேன், ஒரு வரி விடவில்லை. சோப்புத் தண்ணீர், பிரஷ், டிஸ்டில்டு வாட்டர், காற்று எல்லாம். மெஷினை மாட்டியதும், வண்டிப் புகையை உறிஞ்சும் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பார்த்தேன். குண்டு தடாலென்று அடியில் விழுந்தது. விரலை எடுத்தேன், ஏறியது. ஒழுகல் இல்லை, பம்ப் நன்றாக இழுக்கிறது, ஃபில்டர் புதுசு. நாலு நாள் போனது. அப்புறம் பழைய கதைதான்.

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கிருஷ்ணப்பா என்னைக் கூப்பிட்டு அனுப்பிய தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டுப் பார்த்தேன். ஏழு வட்டம். அதில் ஐந்து சனிக்கிழமை, இரண்டு வெள்ளிக்கிழமை மத்தியானம்! திங்கள், செவ்வாய், புதனில் ஒன்றுகூட இல்லை. ஒரு மெஷினுக்குக் கிழமை எப்படித் தெரியும்? உட்கார முடியவில்லை, கடைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வண்டிகள் அதிகமா என்று கேட்டேன். கிருஷ்ணப்பா ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார். "வெள்ளிக்கெழமை கம்மிதாம்மா. வியாழக்கெழமைதான் கோயிலுக்கு வர்ற கூட்டத்துல வண்டி ஜாஸ்தி" என்றார். பார்த்தீர்களா, குழந்தை இயேசு கோயில் கூட்டத்து வண்டிகள் எல்லாம் ஊதிவிட்டுப் போகிற வியாழக்கிழமை ஒன்றும் ஆகவில்லை. ஆள் இல்லாத வெள்ளிக்கிழமை குண்டு ஒட்டுகிறது.

ஸ்பிரிட் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. மைக்கேல்ராஜ் கெடுத்தது அக்ரிலிக் பிளாஸ்டிக் குழாய். கிருஷ்ணப்பா மெஷினுக்குப் போன வருடம் நீங்களே உங்கள் கையால் கண்ணாடிக் குழாய் மாற்றினீர்கள். கண்ணாடிக்கு ஸ்பிரிட் என்ன செய்யும்? சலாலா வெயிலில் மறந்துபோய்விட்டதா? சோப்புக்குப் போகாத ஏதோ ஒன்று அதில் படிகிறது என்று என் மனசு சொல்கிறது.

கடைசியில் ஒன்று கேட்கிறேன். "நன்றாகத்தான் போகிறது" என்று இரண்டு தடவை எதற்கு எழுதினீர்கள்? ஒரு தடவை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

இப்படிக்கு,
செண்பகம்

*

சலாலா
14.11.1998

செண்பகத்துக்கு,

துப்பறியும் கதை போதும். மெஷினுக்குக் கிழமை தெரியாது. ஸ்பிரிட் வேண்டாம் என்றால் வேண்டாம்.

மைக்கேல்ராஜுக்கு எழுதிவிட்டேன். டிசம்பர் ஒன்றாம் தேதி காலை டெம்போவோடு வருவார். டூல்ஸ் எல்லாவற்றையும் சாவியையும் கொடுத்துவிடு. அவர் தங்கமான மனிதர், உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார். நீயும் அவரை ஒன்றும் சொல்லாதே.

நான் ஏன் இப்படிச் செய்கிறேன் என்று கேட்காதே. எனக்கு இங்கே வேறு கவலைகள் இருக்கின்றன.

பக்தவச்சலம்

*

மர்பி டவுன்
20.11.1998, வெள்ளிக்கிழமை

என் ராஜாவுக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்துவிட்டேன்! கண்டுபிடித்தே விட்டேன்!

முதலில் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கும் பஞ்சை எடுத்து மோந்து பாருங்கள். மோந்துவிட்டு மேலே படியுங்கள்.

போன சனிக்கிழமை வழக்கம்போல கிருஷ்ணப்பா கூப்பிட்டார். குழாயைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். சோப்புத் தண்ணீரில் கழுவினேன், வெளிச்சத்தில் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. விரலை விட்டுத் தடவினால் மட்டும் பலாப்பழம் அரிந்த கத்தி மாதிரி ஒரு பிசுக்கு. சரி, நடப்பது நடக்கட்டும் என்று பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து உள்ளே விட்டு இழுத்தேன். பஞ்சு காபி நிறத்தில் வந்தது. கூடவே கடை முழுக்க ஒரு வாசனை. பூஜை அறை வாசனை. நான் வெளியே ஓடிப்போய், தெருவில் யாராவது சாம்பிராணி போடுகிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை. திரும்பி வந்து பஞ்சை மோந்தேன். சாம்பிராணி!

இன்று காலை எட்டு மணிக்கே விவேக் நகர் போய், எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன். கிருஷ்ணப்பா வந்தார், ஷட்டரைத் தூக்கினார். நல்ல பிள்ளையாக முதலில் மெஷினுக்கு ஸ்விட்ச் போட்டார். அந்த மெஷினில் ஸ்விட்ச் போட்டாலே பம்ப்பும் சேர்ந்து இழுக்கும், உங்களுக்குத் தெரியும். அப்புறம் சாமி படத்துக்குப் பூ வைத்தார், தணலில் சாம்பிராணி அள்ளிப் போட்டார். கல்லாவுக்குக் காட்டினார், ஷட்டருக்குக் காட்டினார். கடைசியில் மெஷினிடம் வந்து, உறிஞ்சும் குழாயைப் பக்தியோடு கையில் எடுத்து, அதன் வாயைப் புகைக்குள்ளேயே பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். ஒரு நிமிடம் இல்லை, முழுசாக நாலு நிமிடம்! டீக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினேன்.

"அண்ணா, இன்னா பண்றீங்க!"

அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். "ஏனம்மா கத்தறே? பூஜைதானே பண்றேன். ஆட்டோப் பொகை, ஸ்கூட்டர் பொகைன்னு வாரம் பூரா கெட்ட பொகையே குடிக்குது பாவம். வெள்ளிக்கெழமை ஒரு நாளாவது நல்ல பொகை குடிக்கட்டும்னுதான்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஃபில்டர் கரியைத்தான் பிடிக்கும். சாம்பிராணி ஆவி அதைத் தாண்டிப் போய், குழாய்க்குள் ஆறிப் பிசினாக ஒட்டியிருக்கிறது. சோப்புத் தண்ணீருக்கு அது எங்கே கரையும்?

"முன்னாடியும் இப்படித்தான் பண்ணுவீங்களா அண்ணா?" என்று கேட்டேன்.

"மெஷின் வாங்கின நாள்லேர்ந்து இப்படித்தான். முன்னாடி பூஜை முடிச்சு, ஆட்டோ வந்தப்புறம் ஸ்விட்ச் போடுவேன். கடை திறந்ததுமே போடணும்னு எங்க வீட்டுக்காரர் எழுதியிருக்கார்னு நீதானே வந்து சொன்னே?"

கேட்டீர்களா? ஸ்விட்சைச் சீக்கிரம் போடச் சொன்னது நீங்கள். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான். நல்ல புகை கொடுத்தது அவர். மூன்று பேரும் நல்லதே செய்து, அந்த மெஷினை மூச்சு முட்ட வைத்திருக்கிறோம்!

இனி ஸ்விட்ச் போடுவதற்கு முன்னால் பூஜை என்று ஏற்பாடு. "அப்போ மெஷினுக்கு வெள்ளிக்கெழமை விரதமா?" என்று முகத்தைத் தொங்கப் போட்டார். "சாம்பிராணிக்கு மட்டும் விரதம் அண்ணா, சந்தனம் குங்குமம் எவ்வளவு வேணும்னாலும் வெளியே வையுங்க" என்றேன். சமாதானமாகிவிட்டார்.

கண்ணாடிக் குழாயை ஸ்பிரிட்டில் கழுவிப் புதுசு போல் மாட்டிவிட்டேன். குண்டு கோட்டில் ஏறி நின்றது, அசையவே இல்லை. கிருஷ்ணப்பா அடுத்த வருடத்துக்கும் நானே பார்க்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். நீங்கள் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த நடுரோட்டிலேயே உங்களைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

உங்கள்,
செண்பா

*

சலாலா
1.12.1998

என் செண்பாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நீ சொன்னபடி பஞ்சை மோந்தேன். அதற்கப்புறம் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அறையில் இருப்பவர்கள் ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

இனி மறைப்பதில் அர்த்தமில்லை. எனக்கு இங்கே வேலை நன்றாகப் போகவில்லை. புகைபோக்கியில் வைத்திருக்கும் அனலைசர் ஜூனிலிருந்து தப்புத் தப்பாகக் காட்டுகிறது. உள்ளே போகிற வாயுவின் ஃப்ளோ விழுகிறது, கழுவுகிறேன், ஏறுகிறது, மறுபடி விழுகிறது. அதே உன் கதை. சிமென்ட் தூசி என்று நினைத்து உச்சியிலிருந்து அடிவரை எல்லாக் குழாயையும் எத்தனை தடவை கழற்றியிருப்பேன்! டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் சரி செய்யாவிட்டால் ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடுவோம் என்று பெரிய இன்ஜினியர் சீனிவாசராகவன் சார் எழுதியே கொடுத்துவிட்டார்.

தோற்றுப்போய்த் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று பயந்து மைக்கேல்ராஜிடம் வேலை கேட்டு எழுதினேன். கடையைக் கொடுத்தால் வேலை தருகிறேன் என்றார். அதனால்தான் உன்னை விரட்டினேன். உனக்கு வேலை தெரியாது என்று எழுதிய ஒவ்வொரு வரியையும் என்னை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். மன்னித்துவிடு.

இப்போது கேள். சாம்பிராணி விளைகிற ஊர் இது. எங்கள் அனலைசர் அறையைக் காலையில் திறக்கிற காவலர் ஜூனில் புதிதாக வந்தவர், ஒரு சட்டியில் தணல் வைத்துக் கை நிறையச் சாம்பிராணி போட்டு, அறையை மணக்க வைத்துவிட்டுத்தான் போவார். இங்கே அது மரியாதை. மணந்து மணந்து என் மூக்கு மரத்துப்போய்விட்டது. அனலைசரோ தினமும் காலையில் சுத்தக் காற்றோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்க அதே அறையின் காற்றைத்தான் இழுக்கிறது! நான் புகைபோக்கியை மாதக்கணக்கில் சந்தேகப்பட்டேன். என் முதுகுக்குப் பின்னால் இருந்த சட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நீ எப்படிக் கழுவினாய்? ஒன்றுவிடாமல் எழுது. எதை ஸ்பிரிட்டில் போட்டாய், எதைப் போடவில்லை, எவ்வளவு நேரம் உலர விட்டாய், எல்லாம் வேண்டும். உனக்குப் பதினொரு மார்க் அதிகம்தான்.

இன்று ஒன்றாம் தேதி. மைக்கேல்ராஜ் டெம்போவோடு வந்திருப்பார். ஐயோ, சாவியைக் கொடுத்துவிட்டாயா?

பக்தா

*

மர்பி டவுன்
10.12.1998

அசட்டு மனுஷருக்கு,

சாவி என் இடுப்பில் பத்திரமாக இருக்கிறது.

மைக்கேல்ராஜ் ஒன்றாம் தேதி ஒன்பது மணிக்கே வந்தார். உங்கள் பதினாலாம் தேதிக் கடிதம் அதற்கு முந்தின வாரம்தான் வந்திருந்தது. நான் ஒன்றும் சண்டை போடவில்லை. உட்காரவைத்துக் காபி கொடுத்து, கிருஷ்ணப்பா கதையைச் சொன்னேன். அவர் காபியை ஆறவிட்டு வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, சிவாஜி நகர் பார்ட்டி மெஷின் எனக்கும் இதே தகராறு பண்ணுது. அவங்க கடையிலயும் காலையில பொகை போடுவாங்க. மூணு மாசமா மண்டை காயுது" என்றார். டெம்போ காலியாகத்தான் திரும்பிப் போனது. மறுநாள் அதே டெம்போவில் அந்த மெஷின் நம் கடைக்கு வந்தது. கழுவிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதீர்கள். வேலை போகப் போகிறது என்று என்னிடம் சொன்னால் நான் சிரித்திருப்பேனா? ஆறு மாதம் தனியாக வைத்துக்கொண்டு வெந்திருக்கிறீர்கள். அதற்குத் தனியாகத் திட்டு வைத்திருக்கிறேன், நேரில் தருகிறேன்.

இப்போது வேலைக்கு வாருங்கள். முதலில் சட்டியை வெளியே வைக்கச் சொல்லுங்கள், மரியாதையாகக் கேளுங்கள், மனசு நோகக் கூடாது. சுத்தக் காற்று வரும் வழியில் இருக்கும் ஃபில்டரைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டுங்கள், பழையதைக் கழுவிப் பிரயோஜனம் இல்லை. ஃப்ளோ குழாய் கண்ணாடிதானா என்று இரண்டு தடவை பாருங்கள். கண்ணாடி என்றால் குழாயையும் குண்டையும் மட்டும் ஸ்பிரிட்டில் பத்து நிமிடம் ஊற விட்டு, பஞ்சால் ஒரே பக்கமாக இழுங்கள். பஞ்சு வெள்ளையாக வரும் வரை இழுங்கள், எனக்கு ஒன்பது பஞ்சு ஆனது. ரப்பர் வளையங்களை அதில் போடாதீர்கள், உப்பிவிடும். புதுசு மாற்றுங்கள். ஊசி வால்வின் நுனியை ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒற்றினால் போதும். ஸ்பிரிட் வாசனை அடியோடு போகும் வரை, குறைந்தது அரை நாள் உலர விடுங்கள். இல்லாவிட்டால் மெஷின் அதையும் ஒரு வாயு என்று நினைத்து அளக்கும். கடைசியில் கட்டைவிரலால் வாயை அடைத்துப் பாருங்கள். குண்டு விழுந்து, விரலை எடுத்ததும் ஏற வேண்டும். ஏறும்.

இன்னொரு விஷயம். நம் போர்டில் பெயின்ட் உரிந்துவிட்டது. "பக்தா இன்ஸ்ட்ருமென்ட்ஸ்" என்பதில் பாதிதான் தெரிகிறது. பெயின்டர் சந்திரன் என்ன பெயர் எழுதுவது என்று கேட்கிறார். கிருஷ்ணப்பாவும் மைக்கேல்ராஜும் ஒரு பெயர் சொன்னார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீங்கள் சொல்கிறபடி எழுதச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள்,
செண்பா

*

சலாலா
22.12.1998

செண்பா,

ஏறிவிட்டது!

நேற்று காலை காவலர் தன் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டுபோய் வாசல் மரத்தடியில் வைத்தார். நீ எழுதிய கடிதத்தை மெஷின் மேல் ஒட்டிவைத்துக்கொண்டு வரி வரியாகச் செய்தேன். எனக்குப் பதினாலு பஞ்சு ஆனது. இன்று காலை கட்டைவிரலை எடுத்ததும் குண்டு மேலே போய்க் கோட்டில் நின்ற நிற்பைப் பார்க்க வேண்டுமே! சீனிவாசராகவன் சார் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்று பார்த்தார். அப்புறம் அந்தக் கடிதத்தைக் காட்டி, "இது எந்தக் கம்பெனி கொடுத்த முறை?" என்று கேட்டார். தமிழ் தெரிந்தவர் ஆயிற்றே, "அசட்டு மனுஷருக்கு" என்பதையும் படித்திருப்பார். நான் கம்பெனி பெயரைச் சொன்னேன். தன் டைரியில் குறித்துக்கொண்டார்.

டிக்கெட் பேச்சு இல்லை. பிப்ரவரியில் ஒரு மாத லீவு கொடுத்திருக்கிறார்கள். கடையில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு வை, பஞ்சு பிரித்துக் கொடுக்கிறேன்.

சந்திரனிடம் நல்ல பெரிய எழுத்தாக எழுதச் சொல். என்ன பெயர் என்று கீழே பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பக்தவச்சலம்
செண்பகம் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்
சலாலா கிளை